வடக்கே போன முப்பத்தெட்டுப் படகுகள்

அந்தத் தொப்பி எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம், ஏனென்றால் உங்கள் மேசையில் இருக்கும் போட்டோவில் என் கண்ணே தெரியவில்லை. முன்பக்கம் 'கேப்டன்' என்று தங்க நூலில் தைத்திருக்கும். காற்றில் பறந்துவிடாமல் இருக்க உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வேன். "மாமா தெனம் பேப்பர் படிக்கும். கண்ணால இல்ல, மண்டையால" என்று என் அக்கா மகன் லோகேஷ் சொல்வான்.

நல்ல நகைச்சுவைதான். என்னிடம் கற்றுக்கொண்டது.

லோகேஷ் எப்படிக் கடலில் தவறினான் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதாது. அன்று என் படகில் வந்திருந்த ஹேமந்த் சார் சென்னையிலிருந்து அனுப்பிய கடிதத்தில் 'எனக்கு ஒரு சிறிய சந்தேகம்' என்று எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். படித்தவர், அதனால்தான் சிறியது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுப்பராயலு. வயது ஐம்பத்தாறு. லைட்ஹவுஸ் குப்பம். தொழில் கடல். உபதொழில் ஊரைச் சிரிக்க வைப்பது. சாவு வீட்டில்கூட என்னைத் தேடுவார்கள். நான் போய் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் செத்தவரைத் தவிர எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கடலைக் காக்கிறோம் என்று ஒரு அமைப்பு வந்தது. கரையிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில், பெரிய பெரிய காங்கிரீட் கூடுகளைக் கடலடியில் இறக்கினார்கள். பலகையில் 'செயற்கைப் பவளத்திட்டு' என்று எழுதினார்கள். ஊரில் அதற்குப் பெயர் 'கல்லு'. பவளம் என் பெண்டாட்டி கழுத்திலேயே கிடையாது, கடலுக்கடியில் எப்படி வரும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டேன். மீனுக்குத் தளம் போட்டு வீடு கட்டுகிறார்கள், எனக்குத்தான் இன்னும் கூரை ஒழுகுகிறது என்றும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, நாலு ஆரஞ்சு மிதவைக்கு உள்ளே யாரும் வலை போடக்கூடாது என்று கட்டுப்பாடும் போட்டது. காவலுக்கு என்னைப் போட்டார்கள். தொப்பி அப்போது வந்ததுதான்.

நம்புவீர்களோ என்னவோ, நான் ஒழுங்காகக் காவல் காத்தேன். மூன்றாம் வருஷம் மீன் வந்தது. காங்கிரீட்டின் மேல் ஏதோ பூ மாதிரி முளைத்தது. எனக்கு நீருக்குள் இறங்க வராது, காது வலிக்கும். லோகேஷ் பாண்டிச்சேரி போய் முக்குளிக்கப் படித்துவிட்டு வந்திருந்தான். கேமராவில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவான். ஒரு கல்லின் பொந்தில் பெரிய கலவா மீன் ஒன்று எப்போதும் வாயைத் திறந்தபடி நிற்கும். அதற்கு அவன் சுப்பராயலு என்று பெயர் வைத்தான். "வாய பாரு மாமா, மூடவே மூடாது." சனிக்கிழமை சனிக்கிழமை அந்த மீனைப் பார்ப்பதற்காகவே அவன் வீட்டுக்குப் போவேன். ஒருமுறை காட்டூர் பக்கத்து ஆள் ஒருவர் திருட்டுத்தனமாக அங்கே தூண்டில் போட்டார் என்று கேள்விப்பட்டு, எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அவ்வளவு இளகிய மனசு எனக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சுற்றுலா ஆரம்பித்தது. சென்னையிலிருந்து சனி ஞாயிறில் நாலைந்து பேர் வருவார்கள். லோகேஷ் அவர்களுக்குக் கண்ணாடியும் காற்று உருளையும் மாட்டிக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவான். நான் படகோட்டி. ஆனால் வந்தவர்கள் கேமராவை மீன் பக்கம் திருப்பியதைவிட என் பக்கம் திருப்பியதுதான் அதிகம்.

காரணம், நான் நீரோட்டம் பார்ப்பது. கிளம்பும் முன் அலை ஓரத்தில் குந்துவேன். ஈர மணலை ஒரு பிடி அள்ளிக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பேன். ஒரு வாய் உப்புத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்துத் துப்புவேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு, நீர் வடக்கே ஓடினால் "தெண்டி" என்பேன், தெற்கே ஓடினால் "வன்னி" என்பேன். எங்கள் கரையில் நீரோட்டத்துக்கு அதுதான் பெயர். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். கடலோடு பேசும் மனிதர் என்று கீழே எழுதியிருந்தது.

உண்மை என்னவென்றால், மண்ணை அள்ளுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துவிடுவேன். காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். நான் பார்த்துவிட்டுக் கொப்பளிப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்குனி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கல்யாணம். விடிந்த பிறகு படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. எங்களுக்கு மட்டும் முன்பே சொல்லி வைத்த ஆட்கள் வந்துவிட்டார்கள், ஹேமந்த் சாரும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும். அன்று காலையில் என் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்தது.

ஒரு கடல்காரனின் மானம் ரீசார்ஜில் போகும் என்று எவன் நினைப்பான்.

பங்குனியில் நீர் வடக்கேதான் ஓட வேண்டும். எப்போதும் அப்படித்தான். எனவே மண்ணை அள்ளினேன், கொப்பளித்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடினேன். "தெண்டி" என்றேன். கல்யாணத்துக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் காதிலும் அது விழுந்தது.

கல்லுக்குப் போய்ச் சேர்ந்தால், நாலு மிதவையும் தெற்கே சாய்ந்து கிடந்தன. பங்குனியில் எப்போதாவது இப்படி இரண்டு நாள், மூன்று நாள் நீர் புரளும். லோகேஷ் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"இன்னா மாமா, கடல் இன்னிக்கு உன் பேச்ச கேக்கல போலக்கீது" என்றான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினான். "சார், ஒரு ரகசியம் சொல்றேன். மாமா வாயில தண்ணி ஊத்திக்கிறது சும்மா ஷோ. போன் பாத்துதான் சொல்லும். இன்னிக்கு ரீசார்ஜ் இல்ல, அதான் கடல் ராங் நம்பர்னு சொல்லிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமந்த் சார் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாயை எவ்வளவு அகலமாகத் திறந்தால் சிரிப்பு மாதிரி தெரியும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

"பந்தயம் மாமா. வன்னியா இருந்தா எல்லாருக்கும் இறால் வடை, உன் செலவு" என்றான் லோகேஷ். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. என் மடியில் வளர்ந்தவன்.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அடியில் போனவன் மேலே வரும்போது நீரோட்டம் அவனைப் படகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் படகை நிறுத்துவோம். நீர் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் நங்கூரத்தைக் கல்லுக்கு வடக்கே போட்டேன்.

லோகேஷ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி கேப்டன், உன் இஷ்டம். சாருங்க புடிச்சினு எறங்க கயித்த மட்டும் கட்டிட்டு வந்துர்றேன். நான் தெக்கால, அந்தாண்டதான் மேல வருவேன். விசில் ஊதறேன், போட்ட எடுத்துனு வா." தனியாக இறங்கக்கூடாது என்பது அவன் போட்ட விதிதான். பத்து நிமிஷ வேலை, மாமா மேலே இருக்கிறார் என்று இறங்கினான்.

விசில் கேட்டது, மேடம்.

ஹேமந்த் சாருடைய நண்பர்களில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார். விசில் தெற்கேயிருந்து வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை. ஹேமந்த் சார் நிமிர்ந்து, "கேப்டன், விசில் மாதிரி கேட்டுதே" என்றார்.

"கடல்காக்கா சார்" என்றேன். "நம்ம பையன் ஊதினா பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும்."

அவர் சிரித்தார். அவருடைய சிறிய சந்தேகம் அதுதான் என்று நினைக்கிறேன். காக்கா இல்லை சார். லோகேஷ்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். பத்து நிமிஷம் மிதக்கட்டும் என்று நினைத்தேன். அவன் விளையாடினான், நானும் விளையாடுகிறேன். பத்து நிமிஷம் கழித்துப் போய், 'இன்னா மருமவனே, ஆப்ல மாமா வர்ற டைம் போட்டுக்கீதா' என்று கேட்கலாம் என்றிருந்தேன். அந்த வரியைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வரி. இன்னும் வாயிலேயே இருக்கிறது.

பத்து நிமிஷம் கழித்து நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை. நாங்கள் இத்தனை வருஷம் காத்த அந்தக் காங்கிரீட்டிலேயே மாட்டிக்கொண்டது. கால்மணி நேரத்துக்கு மேல் இழுத்தேன். கயிற்றை அறுத்திருக்கலாம். கத்தி இடுப்பில்தான் இருந்தது. அறுத்தால் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள் அல்லவா.

நங்கூரம் வந்தபோது அலை கொஞ்சம் உயர்ந்திருந்தது. விசில் இல்லை. தெற்கே பார்த்தேன், தலை தெரியவில்லை. இன்ஜினைக் கிளப்பினேன். ஹேமந்த் சார், "லோகேஷ் தெற்குன்னு சொன்னாரே" என்றார். அவர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் நான் தெற்கே திருப்பியிருப்பேன். நிச்சயம் திருப்பியிருப்பேன்.

"அவன் விளையாட்டுக்குச் சொன்னான் சார். நாப்பது வருசமா இந்தத் தண்ணியில கீறேன்" என்று சொல்லிவிட்டு வடக்கே திருப்பினேன். நடுக்கடலில் ஊர்க்காரனோடு வாதம் செய்ய எந்த நகரத்து மனிதரும் துணியமாட்டார். அரைமணி நேரம் வடக்கே தேடினோம். நல்ல கவனமாகவே தேடினேன். இல்லாத இடத்தில் தேடுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சொன்னேன். இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுகளைத் தள்ளினார்கள். முப்பத்தெட்டுப் படகு. அத்தனையும் தண்ணீரில் நின்றது, ஒன்றும் புறப்படவில்லை.

ஏன் என்றால், எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் ஆள் தவறினால், அவனோடு கடைசியாகப் படகில் இருந்தவன்தான் முதலில் திசை சொல்ல வேண்டும். அவன் வாய் திறக்கும்வரை தலைவர்கூடப் பேசமாட்டார். ஆளுக்கொரு பக்கம் சிதறினால் தேடல் கெட்டுவிடும் என்று எப்போதோ பட்டுத் தெரிந்துகொண்டு வைத்த வழக்கம்.

என் அக்கா ஜெயம்மா பட்டுப்புடவையோடு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள். தலையில் கல்யாண வீட்டு மல்லிகை. அழவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீ சொல்லுடா. எந்தாண்ட போயிருப்பான்?"

குந்தினேன். மண்ணை அள்ளினேன். அந்த நேரத்தில் எதற்கு என்று கேட்காதீர்கள், கை தானாகப் போயிற்று. கொப்பளித்தேன். எனக்குத் தெரியும். நாலு மிதவை தெற்கே சாய்ந்தது தெரியும், விசில் வந்த பக்கம் தெரியும். காலையில் இதே இடத்தில், இதே ஊர் பார்க்க, தெண்டி என்று சொன்னதும் தெரியும்.

"தெண்டி" என்றேன். "வடக்கே."

சிங்காரம் அண்ணன் மட்டும் அசையவில்லை. அறுபத்தைந்து வயது, தனியாளாகத் தொழில் செய்பவர். கல்யாணத்தன்றும் விடியலில் வலை போட்டுவிட்டு வந்திருந்தார். "சுப்பு, காத்தால என் வலை வன்னிக்கில்ல இழுத்துனு போச்சு. கொஞ்சம் ரோசன பண்ணு" என்றார்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. ஊர் கொஞ்சம் யோசித்திருந்தால் அவர் சொல்வதுதான் சரி என்று அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும். நான் அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

"அண்ணன் நேத்து ராத்திரி மாப்ள வீட்டுச் சரக்கு. அது உள்ள போனா லைட்ஹவுஸே வன்னிக்கு ஓடும்" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். பயந்து நிற்கும் கூட்டத்துக்குச் சிரிப்பு தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி. அக்காகூட, வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கணம். மாமன் தமாஷ் பண்ணுகிறான் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்திருப்பாள். சிங்காரம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தெட்டுப் படகும் வடக்கே போயின. அவருடையதும்தான்.

நான் சொன்ன நகைச்சுவைகளில் அவ்வளவு தூரம் வேலை செய்தது வேறு கிடையாது.

கடல் தெரிந்தவர்களை எவ்வளவு நேரம் ஏமாற்ற முடியும் என்று கேட்டால், மூன்று மணி நேரம். மூன்றேகாலுக்கு இரண்டு படகுகள் தாமாகவே தெற்கே திரும்பின. பின்னால் மற்றவையும். 'நீர் நடுவில் புரண்டுவிட்டது' என்று நான் சொன்னேன். புரளக் கூடியதுதானே, நம்பினார்கள். மறுநாள் காலையில், தெற்கே துறைமுகத்தின் கல்தடுப்பில், வெளிப்பக்கப் பாறைகளுக்கு நடுவே கிடைத்தான். மிதப்பதற்காகப் போட்டிருந்த காற்றுச் சட்டை ஊதியபடியே இருந்தது. மூழ்கவில்லை. கடைசிவரை நன்றாக மிதந்து, அலை தூக்கி அடித்த அந்தப் பாறையில்தான் மண்டை உடைந்திருக்கிறது.

கையில் கட்டியிருந்த கேமராவை நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். எதற்காகக் காட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்னை ஆறுதல்படுத்தத்தான் காட்டினீர்கள். அன்று மதியம் இரண்டு ஐம்பதுக்குப் பேசியிருக்கிறான். உதடு வெடித்திருந்தது, சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"மாமா, விசில் கேக்கலயா? பரவால்ல. நீ மிதவைய பாத்துருப்ப. வன்னினு உனக்குத் தெரியும். நீ எல்லார இட்டுனு வந்துனு இருப்பனு எனக்குத் தெரியும். அம்மாவ அழ வேணாம்னு சொல்லு. இறால் வடைய மறந்துடாத."

போன் விஷயம் அத்தனையும் தெரிந்தவன். என்னை நாலு பேர் முன்னால் கேலி செய்தவன். அவன்தான் நான் சரியாகச் சொல்வேன் என்று கடைசிவரை நம்பிக்கொண்டு மிதந்திருக்கிறான். நீங்கள் கேமராவை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சுற்றுலா நின்றுவிட்டது. மிதவைகளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், காவலுக்கு ஆள் இல்லை. போன வாரம் ஏலத்துக்கு ஒரு பெரிய கலவா வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. நான் பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன். ராத்திரி சோறு இறங்கிற்று.

அக்கா தினம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறாள். "நீ சொன்னது சரிதான்டா தம்பி, கடல்தான் நடுவுல மாறிடுச்சு. நீ மனச உட்டுடாத" என்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

இனி நீங்கள் எழுதலாம். அவனைக் கடல் கொண்டு போகவில்லை. தெற்கே உயிரோடு மிதந்துகொண்டிருந்தவனைத் தேட, தெரிந்தே, முப்பத்தெட்டுப் படகை வடக்கே அனுப்பினேன். லோகேஷைக் கொன்றது நான். எந்தச் சொல்லைப் போட வேண்டுமோ போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வரி மட்டும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். நாலாம் நாள் காலையில் நீர் திரும்பி வடக்கே ஓட ஆரம்பித்துவிட்டது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆக, நான் பார்த்தது தப்பில்லை. மூன்று நாள் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.